சரி சொல்லக் கூடாத நாள்

குரு என்றால் தாடி வேண்டும், ஆற்றங்கரை வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். இந்தக் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் மடித்து மடித்தே கிழிந்துபோன வரைபடம். பெயர் ஜெசிந்தா. சிக்னல் இன்ஜினியர். முன்பு பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுத்தவர் என்பதால் மேட்டுக்கரை ரயில் டிப்போவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சீடனுக்கு வயது நாற்பத்தொன்பது. பெயர் செங்கோடன். அதே டிப்போவின் ஸ்டோர் ரூமில், கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பத்தொன்பது வருடம் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தவர். நாற்பத்தேழு வயதில் பரீட்சை எழுதிப் பாஸாகி சிக்னல் பிரிவுக்கு வந்தார். இந்த வயதில் உனக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்காத ஆளில்லை. கேட்டவர்கள் முன்னால் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாய்ப்பு வந்தது. டிப்போவின் புது சிக்னல் வேலைக்கு அவர்தான் பொறுப்பு.

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை டிப்போவில் பாயிண்ட் என்பார்கள். மேட்டுக்கரையில் அப்படிப் பதினெட்டு. அதுவரை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வெயிலிலும் மழையிலும் ஓடி, இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் இழுத்துத் திருப்ப வேண்டும். இனி பானல் ரூமில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் திருப்பிவிடும். காலை ஒன்பது முதல் பகல் ஒன்று வரை எந்த வண்டியும் நகராது. அந்த நான்கு மணி நேரத்தில் பழையதைக் கழற்றி, புதியதை இணைத்து, சோதித்து முடிக்க வேண்டும். ஒன்று இருபதுக்கு முதல் வண்டி டிப்போவை விட்டுக் கிளம்பும்.

முடியாவிட்டால் வேலை மழைக்காலம் தாண்டிப் போய்விடும். செங்கோடன் ஸ்டோர் ரூமுக்கே போய்விடுவார். இதை யாரும் அவரிடம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

காலை எட்டு மணிக்கு நாற்பத்திரண்டு பேர் கூடினார்கள். சிக்னல், டிராக், எலெக்ட்ரிகல், ஆபரேட்டிங், மெக்கானிகல் என்று ஐந்து டிபார்ட்மெண்ட். ஒரு டிபார்ட்மெண்ட்காரர் இன்னொரு டிபார்ட்மெண்டின் ஸ்பேனரைத் தொட்டால் மனு எழுதுகிற ஊர் அது. செங்கோடன் ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பாயிண்ட் நம்பர் எல்லாம் பழசுதான். கடைசி ரெண்டு மட்டும் மாறியிருக்கு. பழைய பதினேழு இனிமே பதினெட்டு. பழைய பதினெட்டு இனிமே பதினேழு. மறந்துராதீங்க."

"சரிங்க!" என்றது கூட்டம், ஒரே குரலில்.

ஒரே ஒரு கை மட்டும் மேலே போனது. டிராக் கேங்கில் வேலை பார்க்கும் துளசிமணி. புது நம்பர் பலகைகளை எழுதி நட்டவர் அவர்தான்.

"அப்ப புளியமரத்துப் பாயிண்ட்டு பதினேழு, குழாயடிப் பாயிண்ட்டு பதினெட்டுங்களா சார்?"

"அதைத்தானே அம்மிணி இவ்வளவு நேரம் சொன்னேன்" என்றார் செங்கோடன். கூட்டம் சிரித்தது. துளசிமணியும் சிரித்துவிட்டு, உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் செங்கோடன் ஜெசிந்தாவிடம் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா டீச்சர்? எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க."

"கேட்டேன் அண்ணே."

"ஆனா உள்ளுக்குள்ள பயமாத்தானுங்க இருக்குது. அஞ்சு டிபார்ட்மெண்ட்டு. நாப்பத்திரண்டு தலை. இத்தனை பேரையும் ஒரே ஆளாட்டம் ஆக்குறது எப்படீங்க டீச்சர்?"

 ஜெசிந்தா எதிரில் இருந்த சோதனை போனை எடுத்தார். பதினெட்டு பாயிண்ட்டிலும் பானல் ரூமிலும் ஒவ்வொரு போன், எல்லாம் ஒரே லைன். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

"டீச்சர் பேசுதேன். இன்னைக்கு வேலை முடியுத வரைக்கும் இந்த லைன்ல யாரும் 'சரி'ன்னு சொல்லக் கூடாது. என்ன பாத்தீங்களோ அதைச் சொல்லணும். என்ன கேட்டீங்களோ அதைத் திருப்பிச் சொல்லணும். 'சரி'ன்னு சொன்னவங்க அங்கேயே, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்னு, மூணு தோப்புக்கரணம். போன்ல எண்ணிக்கிட்டே போடணும்."



"சரிங்க டீச்சர்" என்றார் பானல் ரூமிலிருந்து வஹாப். டிப்போவின் யார்டு மாஸ்டர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது.

"போடுங்க வஹாப் பாய்."

"ஒண்ணு... ரெண்டு... யா அல்லா, முழங்காலு... மூணு."

பதினெட்டு போனிலும் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடுதான் வேலை தொடங்கியது.

தன் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது செங்கோடனுக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது அவருக்குக் கேட்க நேரமில்லை.

என்ன வேகம்! பழைய கம்பிகள் கழன்று விழுந்தன. மோட்டார்களுக்குக் கடைசி போல்ட் ஏறியது. டிராக் ஆட்கள் ஜல்லியைத் தள்ளிக் கொடுக்க, சிக்னல் ஆட்கள் கேபிளை இழுத்தார்கள். எலெக்ட்ரிகல்காரரின் ஸ்பேனர் மெக்கானிகல்காரரின் கையில் இருந்தது, மனு எழுத ஒருவருக்கும் ஓய்வில்லை. நடுநடுவே லைனில் யாராவது பழக்கதோஷத்தில் "சரி" என்று விட்டுவிட, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கை கேட்டது. செங்கோடன் மட்டும் ஆறு தடவை போட்டார். பத்தொன்பது வருடம் ஜன்னலுக்குப் பின்னால் "சரி, சரி, இந்தா" என்றே பேசிய வாய் அது.

கேபிள்களைப் பெட்டியில் இணைக்கும் வேலையில் கடைசிக் கொத்தை அவரே எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. ஆசை. இது தன் கையால் ஆன வேலை என்று ஒரு முனையாவது இருக்க வேண்டாமா? விரல்கள் பறந்தன. முடித்துவிட்டுப் பெட்டியை மூடியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினொன்று நாற்பதுக்குச் சோதனை தொடங்கியது. பானல் ரூமில் வஹாப் பொத்தானை அழுத்துவார். பாயிண்ட் நேராக இருந்தால் நார்மல், திரும்பினால் ரிவர்ஸ். பானலில் விளக்கு எரியும். பாயிண்ட் அருகில் நிற்பவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஜெசிந்தா வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்.

"ஒண்ணு ரிவர்ஸ்" என்றார் வஹாப்.

"ஒண்ணு ரிவர்ஸ். தண்டவாளத்து வாய் நல்லா மூடியிருக்குதுங்க, ஒரு நூல்கூட நுழையாது" என்றார் அங்கே நின்றவர்.

முதல் மோட்டார் உறுமித் திரும்பியபோது யார்டு முழுக்கக் கைதட்டல். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பன்னிரண்டாவது பாயிண்ட் திரும்பியபோது ஓர் ஆள் துண்டைச் சுழற்றி ஆடினார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பதினாறு முடிந்தது. இருபத்தைந்து நிமிடம் மீதி, இரண்டு பாயிண்ட் மீதி. பானல் ரூமில் நின்ற செங்கோடனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பதினேழு ரிவர்ஸ்" என்றார் வஹாப். பானலில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பதினேழு அசையலீங்க."

துளசிமணியின் குரல்.

"மறுபடி நார்மல். மறுபடி ரிவர்ஸ்" என்றார் வஹாப். விளக்கு இரண்டு முறையும் ஒழுங்காக மாறியது.

"பதினேழு அசையலீங்க. நார்மலாவேதான் கிடக்குது."

செங்கோடன் போனை வாங்கினார். "அம்மிணி, நல்லாப் பாரு. பானல்ல வந்துருச்சு."

"பானல்ல வந்திருக்கும்ங்க சார். இங்க வரலீங்க."

"நீ எந்தப் பாயிண்ட்டுல நிக்கிறே? பலகையப் படி."

"பதினேழுன்னு போட்டிருக்குதுங்க. நான்தானுங்களே எழுதினேன்."

கடிகாரம் பன்னிரண்டு முப்பத்தெட்டு. பக்கத்து மேசையில் வண்டிகளை இயக்கும் கன்ட்ரோல் ஆபீஸின் போன் மணியடித்தது. முடிந்ததா, முடிந்ததா என்று அவர்கள் கேட்பது இது நான்காவது முறை. செங்கோடனுக்கு வியர்த்துக் கொட்டியது. பதினாறு பாயிண்ட் தேர் போல ஓடி வந்து, ஒரு பொம்பளையின் பார்வைக் கோளாறில் நிற்பதா?

"துளசி, வெயில்ல கண்ணு கூசியிருக்கும். விளக்கு பொய் சொல்லாது. சரின்னு சொல்லிரு."



"சொல்ல மாட்டேனுங்க சார்."

"ஏன்?"

"தோப்புக்கரணம் போடோணும்ங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அசையாததை எப்படீங்க சார் அசைஞ்சுதுன்னு சொல்லட்டும்?"

யாரும் சிரிக்கவில்லை. செங்கோடன் போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். ஜெசிந்தா வரைபடத்தோடு சுவரோரம் நின்றிருந்தார்.

"டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க."

"எனக்கும் தெரியல அண்ணே. அந்தப் பொண்ணு எங்க நிக்கா?"

"பாயிண்ட்டுகிட்ட."

"நீங்க?"

செங்கோடன் போனை வஹாபிடம் கொடுத்தார். பிறகு படியில் இறங்கி ஓடத் தொடங்கினார்.

நாற்பத்தொன்பது வயது, சர்க்கரை வேறு. ஆறு தண்டவாளங்களைத் தாண்டி, ஜல்லியில் ஷூ வழுக்கி வழுக்கி ஓடினார். வழியில் நின்ற கேங்க் ஆட்கள், எதற்கென்று தெரியாமலேயே, கூட ஓடி வந்தார்கள்.

புளியமரத்தடியில் துளசிமணி போனைக் காதில் வைத்தபடி நின்றார். பாயிண்ட் நேராகக் கிடந்தது. செங்கோடன் மூச்சு வாங்க போனை வாங்கினார்.

"பாய், பதினேழை நார்மலாக்கி, மறுபடி ரிவர்ஸ் போடுங்க."

கண்முன்னே இருந்த பாயிண்ட் அசையவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால், நாற்பதடி தள்ளி, மோட்டார் உறுமியது. டக்கென்று ஒரு சத்தம். செங்கோடன் திரும்பினார். குழாயடிப் பாயிண்ட் திரும்பிக்கொண்டிருந்தது.

அதன் பக்கத்தில் வயர்மேன் குமரேசன் போனும் கையுமாக நின்றார்.

"ஏப்பா, உன் பாயிண்ட்டு அசையுதுல்ல? சொல்றதுக்கென்ன?"

"அஞ்சு தடவை அசைஞ்சுதுங்க. என்னை யாரும் கேக்கலீங்களே."

செங்கோடன் இரண்டு பாயிண்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில் இருந்த கேபிள் பெட்டியைப் பார்த்தார். அதை மூடிய தன் கைகளைப் பார்த்தார். ஸ்டோரில் பத்தொன்பது வருடம் குழாயடிக்கு எதைக் கேட்டாலும் பதினேழு என்றுதான் அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வாய் புது நம்பரைச் சொல்லியிருக்கிறது. விரல் அந்த இரண்டு பாயிண்ட்டின் கேபிளையும் பழைய நம்பர்படி கட்டியிருக்கிறது.

புளியமரத்துப் பாயிண்ட் பிட் லைனுக்குப் போகும் வழி. அங்கே ரயில் பெட்டிகளுக்கு அடியில், பள்ளத்துக்குள் நின்று, இருபது பேர் எந்நேரமும் வேலை செய்வார்கள். குழாயடி வழியாகக் கழுவும் லைனுக்குப் போகும் வண்டிக்கென்று வஹாப் பதினெட்டை அழுத்தியிருந்தால் வண்டி அவர்கள் மேல் போயிருக்கும். பானலில் விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்.

 அவர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"செங்கோடன் பேசறேன். எல்லாரும் கேட்டுக்கங்க. பதினேழும் பதினெட்டும் கேபிள் மாறிக் கிடக்குது. மாத்திக் கட்டினது நான்தான். துளசி சொன்னதுதான் நிஜம்."

 கம்பி ஜன்னல் அவர் கண்முன் வந்து போனது. பிறகு அவரே சொன்னார்.

"பாய், கன்ட்ரோலுக்குச் சொல்லுங்க. இன்னும் இருபது நிமிஷம் வேணும். காரணம் கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"இருபது நிமிஷம். காரணம் செங்கோடன்" என்று திருப்பிச் சொன்னார் வஹாப். 

செங்கோடன் பெட்டியைத் திறந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் பெட்டிக்கு மேல் குடை பிடித்தார். எலெக்ட்ரிகல்காரர் ஒருவர் கேட்காமலே டார்ச் அடித்தார். குமரேசன் முனைகளைக் கழற்ற உட்கார்ந்தார். துளசிமணி பெட்டிக்குள் இருந்த இணைப்பு வரைபடத்தை எடுத்துக்கொண்டார்.

"ஆறாம் முனை, புளியமரம்" என்று படித்தார்.

"ஆறாம் முனை, புளியமரம்" என்றார் செங்கோடன். "கட்டியாச்சு. நீயும் ஒருக்காப் பாரு அம்மிணி."

"பாத்துட்டேனுங்க. ஏழாம் முனை, புளியமரம்."

"ஏழாம் முனை, புளியமரம்."

"சார், அது எட்டுல நிக்குதுங்க."

"எட்டுலயா? ஆமா. ஏழுக்கு மாத்தறேன்."

பாயிண்ட் நம்பர்களை விட்டுவிட்டு, புளியமரம், குழாயடி என்றே பன்னிரண்டு முனைகளையும் படித்தார்கள். சுற்றி நின்றவர்களும் ஒவ்வொரு முனையையும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஏதோ பஜனை மாதிரி இருந்திருக்கும்.

ஒன்று ஐந்துக்கு ஜெசிந்தா வந்து இரண்டு பாயிண்ட்டையும் ஒவ்வொன்றுக்கும் நான்கு தடவை சோதித்தார். ஓட்டமாக ஓடிய வேலை அந்த எட்டுத் தடவைக்கு மட்டும் நின்று நிதானமாக நடந்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"பதினேழு ரிவர்ஸ்."

"பதினேழு ரிவர்ஸ். புளியமரம் திரும்பிருச்சுங்க! வாய் மூடிருச்சுங்க!" துளசிமணி கத்தியது போனில்லாமலே பானல் ரூமுக்குக் கேட்டது.

"பதினெட்டு நார்மல்லயே இருக்குதுங்க, அசையலீங்க" என்றார் குமரேசன், யாரும் கேட்காமலே.

ஒன்று இருபதுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஒன்று இருபத்தொன்பதுக்குக் கிளம்பியது. பொத்தான் அழுத்தப்பட்டது, பாயிண்ட்கள் வரிசையாகத் திரும்பின, சிக்னல் பச்சைக்கு மாறியது. யாரும் ஓடவில்லை. யாரும் கம்பியை இழுக்கவில்லை. டிரைவர் டிப்போ எல்லை தாண்டும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் நின்று நாற்பத்திரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி கத்தினார்கள். பிட் லைன் பள்ளத்திலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்துக் கையசைத்தன. எதிலிருந்து தப்பித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒன்பது நிமிடத் தாமதத்துக்கு ரிஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். செங்கோடன் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, இடமில்லாத இடத்தில், துளசிமணியின் பெயரையும் எழுதினார். 'தவறைக் கண்டு சொன்னவர்' என்று எழுதினார். அப்படியொரு கட்டம் அந்த ரிஜிஸ்டரில் கிடையாது.

பிறகு டீ வந்தது. ஜெசிந்தா ஒரு மோட்டார் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். செங்கோடன் அருகில் வந்து நின்றார்.

"டீச்சர், மறுபடி ஸ்டோருக்குத்தான் போவேன்னு நினைக்கிறேன்."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். நானும் ரிப்போர்ட் எழுதணும்லா."

"காலைல ஒரு கேள்வி கேட்டேனுங்க. நீங்க பதிலே சொல்லலை."

"என்ன கேட்டிய?"

"இந்த நாப்பத்திரண்டு பேரையும் ஒரே ஆளாட்டம் ஆக்குறது எப்படீன்னு."

ஜெசிந்தா டம்ளரைக் கீழே வைத்தார். அந்தப் பக்கம் துளசிமணி யாருக்கோ உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பேனா மை வியர்வையில் பாதி அழிந்திருந்தது.

"ஆக்கியிருந்தீயன்னா, இன்னைக்குப் புளியமரத்தடியில நின்னு 'அசையல'ன்னு யாரு அண்ணே சொல்லிருப்பா?"